புதுச் சட்டியைப் பழக்குவது போல: நெல்லையில் செடி வளரும் முதல் மீன் தொட்டி

காருகுறிச்சிச் சட்டியை வாங்கி வந்த அன்றே அதில் மீன் குழம்பு வைக்கும் ஆள் எங்கள் பக்கம் கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, நாலைந்து நாள் பழக்கிய பிறகுதான் அது அடுப்பில் ஏறும். அதே வீட்டுக்குக் கண்ணாடித் தொட்டி வந்தால் மட்டும், அன்று மாலையே உள்ளே மீன் நீந்த வேண்டும் என்று குடும்பமே சுற்றி நிற்கிறது.

நானும் அப்படி நின்றவன்தான். பாளையங்கோட்டை வாடகை வீட்டில் வைத்த முதல் தொட்டியில் பன்னிரண்டு கப்பி மீன்களை விட்டேன். ஆறாம் நாள் மூன்று மிஞ்சின. தண்ணீர் கிணற்றுச் சுனைபோலத் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவுதான் என்னை ஏமாற்றியது. வாங்கிய கடையில் கேட்டால் ஒரு நீலச் சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். மீன்களுக்கு வந்தது மருந்தில் தீரும் நோயல்ல. அவை தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறிச் செத்தன.

மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனியும் அழுகிய இலையும் அதையே உண்டாக்குகின்றன. ஆற்றிலும் குளத்திலும் ஒரு வகை பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு சில நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது ஓரளவு வரை தீங்கற்றது, செடிக்கு உரமும்கூட. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் கண்ணாடியிலும் மணலிலும் பில்டர் பஞ்சிலும் குடியேறிப் பெருக வாரக்கணக்கில் ஆகும். அவை குடியேறும் வரை காத்திருப்பதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் சைக்கிளிங் என்கிறார்கள். நான் பழக்குதல் என்றே சொல்கிறேன்.

தொட்டியும் இடமும்

முதல் தொட்டிக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், 15 அங்குல உயரம் போதும். சிறிய தொட்டி சுலபம் என்பது தவறான கணக்கு. தண்ணீர் குறையக் குறையத் தவறுக்கு இடமும் குறைகிறது. இந்த அளவில் விளிம்பு வரை 70 லிட்டர் பிடிக்கும். மண்ணும் கல்லும் போட்டு மேலே ஓர் அங்குலம் விட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 55 லிட்டர். இந்த 55-ஐ ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லாம் சேர்ந்து எடை 100 கிலோவைத் தொடும், அதாவது இரண்டு சிமெண்டு மூட்டை. பழைய டீப்பாயின் மேல் இரண்டு மூட்டையை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. இரும்பு ஸ்டாண்டு அல்லது சுவரை ஒட்டிய கல் மேடை நல்லது. அடியில் தெர்மோகோல் அட்டை ஒன்றை விரியுங்கள். மட்டப்பலகை வைத்துப் பார்த்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். சன்னலோரம் வேண்டாம். நெல்லை வெயில் நேராக விழுந்தால் ஒரே வாரத்தில் கண்ணாடி முழுக்கப் பாசி. அதைவிடப் பெரிய கேடு சூடு.

தண்ணீர்

இங்கேதான் ஊருக்கு ஊர் கதை மாறுகிறது. பொதிகைப் பாறைகளில் பிறந்து வரும் தாமிரபரணி நீர் பொதுவாக மென்மையானது. ஆற்று நீர் குழாயில் வரும் வீடு என்றால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் உள்ளே வெள்ளைப் படலம் கெட்டியாகப் படிகிறதென்றால் உங்கள் தண்ணீர் அந்த ரகம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். 100 முதல் 300 வரை காட்டினால் எந்தச் செடியும் வளரும். 400 வரை கவலை வேண்டாம். 500-ஐத் தாண்டினால் ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். முழுவதும் கேன் தண்ணீராக நிரப்பிவிடலாமே என்று தோன்றும், அதைச் செய்ய வேண்டாம். பாக்டீரியா அமோனியாவை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையைக் கரைத்துத்தான் மாற்றுகிறது. ஆர்ஓ நீரில் அந்த இருப்பு கிட்டத்தட்டக் கிடையாது. அமிலத்தன்மை ஏறி, பிஎச் என்னும் அமில-கார அளவு 6-க்குக் கீழே போனால் பழகும் வேலை பாதியில் படுத்துவிடும். மொட்டை மாடியில் சாஃப்ட்னர் வைத்திருக்கும் வீடுகளில், அதற்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள். அந்த இயந்திரம் சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. செடிக்கு அதனால் லாபமில்லை.

குழாய் நீரில் குளோரின் இருக்கும். நமக்கு வேண்டிய பாக்டீரியாவைக் கொல்லவும் அது போதும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தாலோ, சில மணி நேரம் காற்று மோட்டாரின் குமிழியை விட்டாலோ போய்விடும். அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் குளோரின் முறிப்புச் சொட்டு.

மணலும் மண்ணும்

ஆற்று மணல் அள்ளி வரலாம் என்று நினைக்காதீர்கள். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு, நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-இல் தடை விதித்த வரலாறு இந்த ஊருக்கு உண்டு. ஒரு வாளிதானே என்பதில் ஆரம்பித்துத்தான் அந்த ஆறு பள்ளமானது. கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும், தண்ணீரைக் கடினமாக்கும். தேரிச் செம்மணல் பார்க்க அழகு. ஆனால் மிக நுண்ணியது, இறுகிப்போய் வேருக்குக் காற்று விடாது. எம்-சாண்டில் கல் தூள் அதிகம், முனையும் கூர். தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்கும் பில்டர் மணலில், ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அரிசி களைவதுபோல, ஊற்றும் தண்ணீர் தெளிந்து வரும் வரை கழுவுங்கள். எட்டுப் பத்து முறை ஆகும். இந்த இடத்தில் சோம்பினால் ஒரு மாதம் கலங்கலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெறும் மணலில் செடிக்குச் சாப்பாடு இல்லை. கடையில் விற்கும் அக்குவா சாயில் என்னும் சத்து மண் நல்ல பொருள், ஆனால் விலை அதிகம். நான் தோட்டத்துச் செம்மண்ணைப் பயன்படுத்துகிறேன். உரமோ பூச்சிமருந்தோ படாத மண்ணைச் சல்லடையில் சலித்து, வாளியில் ஊறவைத்து, மிதக்கும் குப்பையை வடித்து, நிழலில் காயவைப்பேன். இப்படி மூன்று முறை. பிறகு தொட்டியின் அடியில் ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அதன்மேல் இரண்டு அங்குலம் மணலால் மூடுவேன். முன்பக்கம் கண்ணாடியை ஒட்டி மணல் மட்டும் இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வேண்டாம், ஒரு செடியைப் பிடுங்கினால் தொட்டியே தேநீர் ஆகிவிடும். சாண உரம் கூடவே கூடாது.

கல்லும் கட்டையும் அழகுக்குத்தான். ஆனால் கல்லைச் சோதிக்காமல் போடாதீர்கள். நம்முடையது சுண்ணாம்புக்கல் பூமி. தாழையூத்தில் 1949-இலேயே சிமெண்டு ஆலை வந்தது அதனால்தான். கல்லின் மேல் வினிகர் நாலு சொட்டு விடுங்கள். பொரிந்து நுரைத்தால் அந்தக் கல் வாசற்படிக்கு. கட்டைக்காகப் பாபநாசம், முண்டந்துறைக் காட்டுக்குள் கை வைக்க வேண்டாம், அது புலிகள் காப்பகம். கடைக் கட்டையோ, வேகவைத்த தேங்காய்ச் சிரட்டையோ போதும். கட்டையை இரண்டு வாரம் ஊறப்போட்டாலும் தண்ணீர் கொஞ்ச நாள் கட்டன் சாயா நிறத்தில்தான் இருக்கும். மீனுக்கு அதில் கெடுதல் இல்லை.

நடவு

வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் செடிகள் பெரும்பாலும் சிறு கூடைகளில் பஞ்சு சுற்றி இருக்கும். கூடையைப் பிரித்து, பஞ்சு முழுவதையும் பொறுமையாக எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி படிகாரத் தூள் கலந்து, இரண்டு மணி நேரம் செடியை ஊறவைத்து, நன்றாக அலசினால் நத்தைத் தொல்லை பெரும்பாலும் தீரும். நத்தை முட்டை சில சமயம் தப்பிவிடும். தப்பினால் தப்பட்டும், பத்து நத்தை தொட்டிக்கு நல்லதே.

எந்தச் செடி? நம் வெப்பத்தையும் என் சோம்பலையும் தாங்கியவற்றைச் சொல்கிறேன்: வாலிஸ்நேரியா, ஹைக்ரோபிலா, கிரிப்டோகோரைன், அமேசான் சோர்ட், ஜாவா பாசி, அனுபியாஸ். கடைசி ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அனுபியாஸின் தடித்த கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கறுப்பு நூலால் கட்டையிலோ கல்லிலோ கட்டி விடுங்கள், அதுவே பற்றிக்கொள்ளும். சிவப்புச் செடியும் தரையில் விரியும் கம்பளச் செடியும் படத்தில் பார்த்து ஆசைப்பட வேண்டியவை. அவற்றுக்கு உருளையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு விட வேண்டும். முதல் தொட்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

நாலு அங்குலம் தண்ணீர் மட்டும் விட்டு, இடுக்கியால் வேரைப் பிடித்துச் சாய்வாக நடுங்கள். வயலில் நாற்று நட்டுப் பழகிய கை என்றால் சொல்லித்தர வேண்டியதில்லை. தரையில் பாதிக்கு மேல் முதல் நாளே செடி இருக்க வேண்டும். இரண்டு செடியை நட்டுவிட்டுப் பெருகட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் பாசி பெருகிவிடும். பிறகு ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெதுவாகத் தண்ணீரை ஊற்றி நிரப்புங்கள்.

இரண்டாம் வாரம் இலைகள் கரைந்து கொட்டும். கிரிப்டோகோரைன் முழு மொட்டையாகவே நிற்கும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். பல செடிகள் பண்ணையில் தண்ணீருக்கு மேலே வளர்ந்தவை. பழைய இலையை உதிர்த்துவிட்டு நீருக்குள் வாழும் புது இலை விடுகின்றன. உதிர்ந்ததை மட்டும் அள்ளிவிடுங்கள்.

விளக்குக்கு 15 முதல் 20 வாட் எல்இடி, 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்ச நிறம். முதல் மாதம் நாளுக்கு ஆறு மணி நேரம், அதற்குப் பிறகு எட்டு. ஒரு டைமர் மாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். பில்டருக்குக் காற்று மோட்டாரில் ஓடும் பஞ்சு பில்டரே போதும். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால் மின்சாரம் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி மோட்டாரையும் தரையையும் நனைக்கும்.

பழக்குதல்

இனி நான்கைந்து வாரம் மீன் இல்லாத தொட்டி. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். எதிர் வீட்டுப் பெரியவர் தினமும் வாசலில் நின்று, “என்ன அண்ணாச்சி, வெறும் தண்ணீருக்கா விளக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள்?” என்பார். சிரித்துக்கொள்ளுங்கள்.

பாக்டீரியாவுக்கும் தீனி வேண்டும். அதன் தீனி அமோனியா. மீனை விட்டு அதன் கழிவால் ஊட்டுவது பழைய முறை. அது மீனுக்குக் கொடுமை. சுத்தமான வழி நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் அதே பொருள்தான், வேதியியலில் அமோனியம் குளோரைடு. நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைப்பதில் அழுக்கு இருக்கலாம். பள்ளி ஆய்வகப் பொருள் விற்கும் இடத்தில் தூய்மையானதைக் கேளுங்கள். பள்ளிகள் மலிந்த பாளையங்கோட்டையில் இது பெரிய தேடல் இல்லை. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சுண்ணாம்போடு சேரவிடாதீர்கள், மூக்கை எரிக்கும் அமோனியா வாயு கிளம்பும்.

10 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டுங்கள். நம் 55 லிட்டர் தொட்டிக்கு இந்தக் கரைசலில் 17 மில்லி ஊற்றினால் அமோனியா ஏறத்தாழ 2 பிபிஎம் ஆகும். ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று பொருள். சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி ஒன்று அவசியம். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளக்கும் பெட்டியாக வாங்குங்கள். தொட்டிச் செலவில் மிச்சம் பிடிக்க இடமுண்டு. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடியில் மண் போட்டவர்கள் முதல் வாரம் நவச்சாரத்தைத் தொட வேண்டாம். மண்ணே அமோனியாவை விடும். அந்த வாரத்தில் இருமுறை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அமோனியா 1-க்குக் கீழே இறங்கிய பிறகு கரைசலை ஆரம்பிக்கலாம்.

அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அளந்து நோட்டில் எழுதி வாருங்கள். முதலில் எதுவும் நடக்காது. பத்து நாள்கூட அப்படியே கிடக்கலாம். ஒரு நாள் அமோனியா இறங்கும், நைட்ரைட் தலைகாட்டும். அமோனியா காலியாகும்போதெல்லாம் அரை அளவு, அதாவது எட்டு மில்லி ஊற்றிக்கொண்டே இருங்கள். நைட்ரைட் ஏறிக்கொண்டே போகும். பெட்டியின் அட்டையில் கடைசி நிறத்தைத் தொட்டுவிட்டால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பலரும் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நைட்ரைட்டை உண்ணும் பாக்டீரியா பெருகுவது மெதுவாகத்தான் நடக்கும். எப்போதாவது ஒரு காலை அளந்து பார்த்தால் நைட்ரைட் சரிந்திருக்கும், நைட்ரேட் ஏறியிருக்கும்.

முடிந்ததா என்று அறிய ஒரே வழி: 17 மில்லி முழு அளவை ஊற்றி 24 மணி நேரம் கழித்து அளப்பது. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் தொட்டி பழகிவிட்டது. செடி அடர்ந்த தொட்டியில் நைட்ரைட் கண்ணில் படாமலே இது நடந்துமுடியலாம், ஏனென்றால் செடிகள் அமோனியத்தை நேராகவே உறிஞ்சிக்கொள்கின்றன. அப்போதும் இந்த 24 மணிச் சோதனைதான் தீர்ப்பு.

விரைவாக முடிக்க ஒரு வழி உண்டு, தயிருக்கு உறை ஊற்றுவதுபோல. நீண்ட நாளாக நோயில்லாமல் ஓடும் நண்பர் தொட்டியிலிருந்து ஒரு பஞ்சை வாங்கி வந்து, காயாமல் உங்கள் தொட்டியில் போடுங்கள். பாதி நாளில் பழகும். கடைத் தொட்டியின் பஞ்சு வேண்டாம். வாரந்தோறும் புது மீன் வந்து போகும் இடத்தில் நோயும் வந்து போகும். புட்டியில் விற்கும் பாக்டீரியா எனக்கு ஒருமுறை வேலை செய்தது, இருமுறை செய்யவில்லை. பழக்கும் வேலையில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு: பாக்டீரியாவுக்குப் பிடித்த 28, 30 டிகிரி நம் வீட்டில் சும்மா கிடைக்கிறது.

வெயில்

ஆங்கிலக் காணொளிகள் முதலில் வாங்கச் சொல்லும் ஹீட்டரை நெல்லையில் மார்கழியிலும் நான் செருகியதில்லை. நம் சிக்கல் அதற்கு நேர் எதிர். சித்திரை வைகாசியில் மூடிய அறையில் தொட்டி 32 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 32-இல் 7.3 தான். கடின நீர்க்காரர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அமோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு பிஎச்சைப் பொறுத்து மாறும். 30 டிகிரி நீரில் பிஎச் 7 என்றால் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8 என்றால் ஏழு பங்குக்கு மேல். ஒரே அளவு அமோனியா ஆற்றுநீர்த் தொட்டியில் மீனை விட்டுவைக்கும், ஆழ்துளை நீர்த் தொட்டியில் கொன்றுவிடும்.

மூடியைத் திறந்து, மேற்பரப்பில் படும்படி ஒரு சிறு மின்விசிறியை வையுங்கள். மண்பானை குளிரும் அதே முறையில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறையும் நீரை ஆர்ஓ நீரால் நிரப்புங்கள். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்குகிறது. தொட்டியைத் தொடங்கும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், தென்காசிப் பக்கத்தவர்கள் ஆனி ஆடிச் சாரலிலும், நெல்லைக்காரர்கள் ஐப்பசி மழை இறங்கிய பிறகும் ஆரம்பியுங்கள். கத்திரியில் நட்ட செடி பாதி கரைந்துபோகும்.

மின்சாரம் நின்றால் பஞ்சு பில்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் திரும்புவதற்குள், கிண்ணத்தால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றியே மீன்களைக் காப்பாற்றினேன். அந்த நாள்களில் தீனி போடக்கூடாது. இப்போது பேட்டரியில் ஓடும் சிறு காற்று மோட்டார் ஒன்று அலமாரியில் இருக்கிறது.

மீன் வரும் நாள்

சோதனை தேறிய மறுநாள் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை 20-க்குக் கீழே கொண்டு வாருங்கள். பிறகு கடைக்குப் போகலாம். கடின நீருக்குக் கப்பி, பிளாட்டி, மோலி. ஆற்று நீருக்கு ஜீப்ரா டேனியோ, செர்ரி பார்ப். நியான் டெட்ரா நம் வெயிலில் வாடும். கோல்டு பிஷ் செடியைப் பிடுங்கித் தின்னும், தொட்டியும் அதற்குச் சிறிது. சக்கர் மீன் குட்டியாக இருக்கும்போது பாசி தின்னும் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததைக் குளத்தில் கொண்டுபோய் விடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த ஆற்றின் பெயரையே தன் அறிவியல் பெயரில் சுமக்கும் கெண்டை இனம் ஒன்று தாமிரபரணியில் உண்டு. அதுவே பிழைக்கப் போராடிக்கொண்டிருக்கிறது. வெட்டிப் போடும் செடித் துண்டையும் வாய்க்காலில் எறிய வேண்டாம், வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். ஆகாயத்தாமரை ஒன்றே இந்த ஆற்றுக்குப் போதும்.

முதல் தவணை ஐந்தாறு மீன். பையைப் பிரிக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் அள்ளி விடுங்கள். பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள். அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். அடுத்த பத்து நாள் தினமும் அளந்து, எல்லாம் பூஜ்யமாகவே நின்றால் அடுத்த ஐந்து.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுவது மட்டும்தான் வேலை. பஞ்சு அடைத்துக்கொண்டால் குழாயடியில் பிழியாதீர்கள்; குளோரின் பட்டால் ஒரு மாதம் பழக்கியது ஒரு நிமிடத்தில் போய்விடும். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீர் வாளியிலேயே இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். வாளியில் மிஞ்சிய கலங்கல் நீரை எங்கள் வீட்டில் யாரும் கீழே கொட்டவிடுவதில்லை. மாடியில் இருக்கும் பிச்சிக்கொடிக்கு அது போகிறது.